பாட்டின் பெயரும் உருவகமும்: பதிற்றுப்பத்துப் பெயர்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் பாடல்களைச் சுட்டும் முறைகள் பல. தேவாரப் பதிகங்கள் தலத்தாலும் பண்ணாலும் சுட்டப்படுகின்றன. கீர்த்தனைகளும் திரைப்பாடல்களும் பல்லவியின் முதற்சொற்களாலேயே அறியப்படுகின்றன. குறுந்தொகை, நற்றிணை முதலிய தொகைகளில் எண்ணே பெயராகிவிட்டது. இவற்றுள் முதற்குறிப்பால் பெயர் பெறும் பாடலுக்கும் அதன் பெயருக்கும் உள்ள உறவு தற்செயலானது. பாடல் எச்சொல்லில் தொடங்கிற்றோ அச்சொல் பெயராயிற்று என்பதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. பாடலின் இடையிலிருந்து ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து அதனையே பெயராக்கும் முறை இதனின் வேறானது. ‘தேர்வு’ என ஒன்று நிகழ்ந்துவிட்டால் ‘இத்தொடர் ஏன்?’ என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

இவ்வினாவுக்கு மிக விரிவான களமாக அமைவது பதிற்றுப்பத்து. சேர வேந்தர் பதின்மரைப் பற்றிய நூறு பாடல்களைக் கொண்டிருந்த இத்தொகையில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எஞ்சிய எட்டுப் பத்துகளின் எண்பது பாடல்களையும் பழைய உரையுடன் 1904இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள் உள்ளன. பத்தின் இறுதியில் வரும் பதிகம் அப்பத்துப் பெயர்களையும் மீண்டும் நிரல்படத் தொகுத்துரைக்கிறது. சங்கத் தொகைகளுள் பாட்டுத்தோறும் இவ்வாறு பெயர் வழங்குவது இது ஒன்றே.

எண்பது பெயர்களையும் ஒருசேர வைத்து நோக்கினால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, எல்லாப் பெயர்களும் பெயர்ச்சொல்லில் முடியும் தொடர்கள். வினைமுற்றுக் கொண்ட பெயர் ஒன்றும் இல்லை. இரண்டாவது, வேந்தரைப் புகழ்வதே நோக்கமான இத்தொகையில் ஒரு பாட்டின் பெயரிலும் சேர வேந்தர் எவருடைய இயற்பெயரோ சிறப்புப்பெயரோ இடம்பெறவில்லை. மூன்றாவது, உவமையும் உருவகமும் நிறைந்த இப்பாடல்களின் பெயர்களுள் உவம உருபு வெளிப்பட நிற்பது ‘வரைபோல் இஞ்சி’ (62) என்னும் ஒன்றில் மட்டுமே. ஏனைய எழுபத்தொன்பதிலும் ‘போல’, ‘அன்ன’, ‘புரைய’ போன்ற உருபு எதுவும் இல்லை. பெயர் சூட்டியவர் உருபுகளை விலக்கியே தொடர்களைத் தேர்ந்தனர் எனக் கருத இது இடந்தருகிறது.

உருபு இல்லாமையால் மட்டும் ஒரு தொடர் உருவகமாகிவிடாது. ‘கூந்தல் விறலியர்’ (18), ‘நன்னுதல் விறலியர்’ (47), ‘வினைநவில் யானை’ (82), ‘தொழில்நவில் யானை’ (84) முதலியவை அடைபெற்ற பெயர்களே. இறுதி இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளன. ஒரே பத்துக்குள் இவ்விரண்டையும் பெயராக்கியவரிடம் அழகுணர்ச்சியைத் தேடுவது வீண். எண்பதையும் உருவகங்களாகக் காண்பது மிகையாகும். ஆயினும் சில பெயர்களில் பாடலுக்கும் பெயருக்கும் இடையே நிகழும் பொருள்மாற்றம் மொழியியல் நோக்கில் ஆழ்ந்து காணத்தக்கது.

பெயராகும்போது இழப்பது எது?

உவமைக்குப் பொருள், உவமை, பொதுத்தன்மை, உருபு என்னும் உறுப்புகள் உண்டு. தொல்காப்பியம் உருவகத்தைத் தனியே பிரித்துரைக்காமல் உவமவியலுள் அடக்குகிறது. தண்டியலங்காரம் உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றெனக் கூறுவதனை உருவகம் என்கிறது. கருதிய பொருளை மறைத்து, அதனைப் புலப்படுத்தும் வேறொன்றை மட்டும் கூறுவது அந்நூலில் ‘ஒட்டு’ எனப்படும். பாடலுக்குள் உவமையாகவோ உருவகமாகவோ நிற்கும் தொடர், பெயராக வெட்டியெடுக்கப்படும்போது பொருளைப் பாடலிலேயே விட்டுவிட்டு உவமையை மட்டும் கொண்டு வெளிவருகிறது. ஆகவே பெயர் என்னும் நிலையில் அது ஒட்டின் தன்மையை அடைகிறது. பாடலை அறிந்தவர்க்கே அதன் பொருள் விளங்கும்.

குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இயற்பெயர் தெரியாத புலவர்க்கு அவர்தம் உவமையே பெயரான வரலாறு இதனோடு ஒப்புநோக்கற்குரியது. ஓரேருழவனார், குப்பைக்கோழியார், தேய்புரிப்பழங்கயிற்றினார், செம்புலப்பெயல்நீரார் என்னும் பெயர்களில் உவமை மட்டுமே உள்ளது. ஈரம் புலர்வதற்குள் உழுதுவிட விரையும் ஓர் ஏருடையவனின் பதைப்பு யாருடைய மனத்திற்கு உவமையாயிற்று என்பதைப் பாடலே சொல்ல வேண்டும். அங்கே உவமை புலவர்மேல் ஏறிற்று. பதிற்றுப்பத்தில் பாட்டின்மேல் ஏறியது.

பத்துப்பாட்டுள் இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. நன்னன் மீது பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட கூத்தராற்றுப்படைக்கு ‘மலைபடுகடாம்’ என்பது மற்றொரு பெயர். மலையை யானையாகவும் மலையில் எழும் பல்வகை ஓசைகளை அதன் மதமாகவும் கண்ட சிறப்பினால் இப்பெயர் வந்தது என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கம். பெயரில் யானை என்னும் சொல் இல்லை. ஓசை என்னும் சொல்லும் இல்லை. ‘கடாம்’ என்னும் ஒரு சொல்லே மலையை யானையாக்கிவிடுகிறது. ஆற்றுப்படை என்னும் துறைப்பெயரைப் பின்தள்ளி இவ்வுருவகப் பெயர் நிலைபெற்றது குறிப்பிடத்தக்கது.

மெய்ம்மறையும் பாயலும்

இரண்டாம் பத்தில் குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடியவற்றுள் ஒன்று ‘சான்றோர் மெய்ம்மறை’ (14). சான்றோர் என்பார் ஈண்டு வீரர். மெய்ம்மறை உடலை மறைக்கும் கவசம். வீரர்க்கு முன்னின்று அவர்களைக் காத்தலால் வேந்தன் கவசமாகிறான். மெய்ம்மறை என்னும் விளி இத்தொகையிலேயே வேறு சில பாடல்களிலும் சேரர்க்கு வருகின்றது. வழக்கில் தேய்ந்து வாய்பாடாகிவிட்ட உருவகம் இது. கேட்போர் கவசத்தை நினையாமலே ‘வேந்தே’ என்பதுபோல் அதனைக் கடந்துசெல்லக் கூடும். பெயராகத் தனித்து நிற்கும்போது, கடந்துசெல்ல அடுத்த சொல் இல்லாமையால், தேய்ந்த உருவகம் மீண்டும் கவசமாகக் கண்ணில் படுகிறது.

அதே பத்தின் ‘துயில் இன் பாயல்’ (16) மகளிர்க்கு வேந்தனின் மார்பே படுக்கையாவதைச் சொல்வது. ‘இன்’ என்பதனை இனிமைப் பண்பாகக் கொண்டால் துயிலுதற்கு இனிய பாயல் என்றாகும். சாரியையாகக் கொண்டால் துயிலுக்குரிய பாயல் என்றாகும். எவ்வாறு கொள்ளினும் மார்பு என்னும் பொருள் பெயரில் இல்லை. ஒரே வேந்தன் ஒரு பாட்டின் பெயரில் கவசம்; இரு பாட்டுகள் கடந்து படுக்கை. இரண்டும் உடலோடு ஒட்டியவை என்பதும் ஒன்று போர்க்களத்துக்கும் மற்றொன்று மனைக்கும் உரியது என்பதும் நோக்கத்தக்கன.

வெள்ளங்கள்

இத்தொகையின் பெயர்களில் மிகுதியும் ஆளப்படும் உவமை நீரே. ‘நிரைய வெள்ளம்’ (15), ‘வரம்பில் வெள்ளம்’ (33), ‘வெருவரு புனற்றார்’ (50), ‘உருத்தெழு வெள்ளம்’ (72), ‘வெண்தலைச் செம்புனல்’ (87) என ஐந்து பெயர்களைக் காட்டலாம். ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட நூலில், உருவகம் சொல்லணி மட்டுமன்று, ஒரு துறையை மற்றொரு துறையின் வழியே எண்ணும் முறை என விளக்கினர். அந்நோக்கில் ‘படை என்பது வெள்ளம்’ என்னும் அடிப்படை உருவகம் சேரர் பாடல்களில் உண்டெனக் கூறுவது எளிது. ஆனால் அவ்வளவில் நின்றுவிட்டால் இவற்றின் வேறுபாடு மறைந்துவிடும்.

‘நிரைய வெள்ளம்’ என்பதில் இரு சொற்களுமே உவமைகள். நிரயம் நரகம், பகைவர்க்கு நரகமாகி வரும் படைப்பெருக்கு என்பது கருத்து. நரகம் வெள்ளமாவதும் இல்லை. வெள்ளம் நரகமாவதும் இல்லை. இரண்டும் சேர்ந்து, பெயரில் இல்லாத படையைக் குறிக்கின்றன.

‘வரம்பில் வெள்ளம்’ இதனினும் நுட்பமானது. உண்மை வெள்ளத்துக்கு எங்கேனும் கரை உண்டு. ‘வரம்பு இல்’ என்னும் எதிர்மறை அடை, ‘இது நீங்கள் அறிந்த வெள்ளம் அன்று’ என்று கேட்போர்க்கு உணர்த்தும் குறியாகிறது. உருபு செய்ய வேண்டிய பணியை எதிர்மறை செய்கிறது எனலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுகின்றனர். கம்பர் குரங்குப்படையை எழுபது வெள்ளம் என எண்ணுவதும் இவ்வழக்கே. அவ்வாறாயின் ‘வரம்பில் வெள்ளம்’ நீரா, எண்ணா? படைக்கு இரண்டும் பொருந்தும். பாடல் இதனைத் தீர்த்துவைக்கவில்லை. மாறாக, இத்தொடரை அடுத்தே அப்படையை வாளை மதிலாகவும் வேலைக் காவற்காடாகவும் கொண்டு நடந்துவரும் ஒரு கோட்டையாகப் புனைகிறது. நடக்கும் கோட்டை என்னும் புனைவு வெள்ளத்தினும் புதுமையானது. இன்றைய வாசகர் தேர்ந்திருப்பின் அதனையே பெயராக்கியிருப்பர். பெயர் சூட்டியவர் விரிந்த உருவகத்தை விடுத்து, இருபொருள் நிற்கும் சுருங்கிய தொடரையே விரும்பினார்.

பரணர் செங்குட்டுவனைப் பாடிய ‘வெருவரு புனற்றார்’ என்பதில் புனல் முன்னும் தார் பின்னும் நிற்கின்றன. தார் தூசிப்படை. உவமை முன்னும் பொருள் பின்னும் வருவது உவமைத்தொகை. பொருள் முன்னும் உவமை பின்னும் வருவது உருவகம். தாமரைமுகம், முகத்தாமரை என்பன இலக்கண வகுப்பில் வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். அவ்விதிப்படி இப்பெயர் உவமைத்தொகையே. பாடலோ யானைகளை அலைகளாகவும் வேல்களை மின்னும் மீன்களாகவும் முரசொலியை நீர்முழக்கமாகவும் கூறி முற்றுருவகமாக விரிகிறது. அவ்வெள்ளம் அஞ்சிய வேந்தர்க்கு அரணும் ஆகிறது. பெயரில் அச்சம் மட்டுமே உள்ளது, அரண் இல்லை.

அரிசில்கிழாரின் ‘உருத்தெழு வெள்ளம்’ என்பதைப் பெயரளவில் கண்டவர் அதனையும் சேரர் படை என்றே கொள்வர். அது பிழை. ஊழிமுடிவில் உலகை மூட எழும் வெள்ளம் அது. அதன் எதிரே சேரன் ஊழித்தீயாக நிற்கிறான். முன்னைய பெயர்களில் வேந்தன் பக்கம் நின்ற வெள்ளம் இங்கு அவன் சினத்தீயின் முன் வைக்கப்படுகிறது. ஒரே உவமைச்சொல் பாடலுக்குப் பாடல் பக்கம் மாறுவதால், அடிப்படை உருவகங்களின் பட்டியலை மட்டும் கொண்டு பெயர்களுக்குப் பொருள் சொல்ல முயல்வது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

பூவும் எண்ணும்

தேர்வின் நெறியை அறிய மிகச் சிறந்த சான்று ‘அருவி ஆம்பல்’ (63). கபிலர் செல்வக்கடுங்கோ வாழியாதனை நெடிது வாழ்க என வாழ்த்தும் இடத்தில் இத்தொடர் வருகிறது. இலையை அடுத்திருத்தலை அறியாத ஆம்பல் என அப்பாடலே அதனை விலக்கிக்கூறுவதால், இது நீர்ப்பூ அன்று, ஆம்பல் என்னும் பேரெண் என்பது பெறப்படும். ‘அரு வீ’ என்பது குறுகி நின்றதாகக் கொண்டு, பூவாகாத ஆம்பல் எனவும் பொருள் கொள்வர். வாழ்நாளின் அளவைச் சொல்லவந்த எண் பூவின் உருவில் வந்து நிற்கிறது.

இதே ‘அருவி ஆம்பல்’ என்னும் தொடர் எட்டாம் பத்தின் முதற்பாட்டிலும் (71) உண்டு. அங்கே அது வயலில் நெய்தலோடு சேர்த்து அரியப்படும் உண்மையான பூ. அப்பாட்டிற்கு அத்தொடர் பெயராகவில்லை. ‘குறுந்தாள் ஞாயில்’ என்பதே பெயர். ஒரே தொடர் நேர்ப்பொருளில் நின்ற இடத்தில் விடப்பட்டு, பொருள் மாறி நின்ற இடத்தில் பெயராகக் கொள்ளப்பட்டது. ஒரு சான்றால் விதி அமைந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் பழைய உரைகாரர் பல இடங்களில் சொல்லின் ஏதேனும் ஒரு சிறப்பைக் காட்டி, அச்சிறப்பால் பாட்டு இப்பெயர் பெற்றது என முடிப்பதனோடு இது இயைகிறது.

வெட்டியெடுத்தலே உருவகத்தைப் பிறப்பிக்கும் இடங்களும் உண்டு. ‘துஞ்சும் பந்தர்’ (55) அத்தகையது. பாடலில் துஞ்சுவது பந்தர் அன்று. கடற்கரைப் பந்தரில் தங்கிக் கிடக்கும் கலச்செல்வம். செல்வம் துஞ்சும் பந்தர் என்பதில் ‘துஞ்சும்’ இடப்பெயர் கொண்ட பெயரெச்சம். எழுவாயான செல்வத்தை நீக்கியபின் அதே பெயரெச்சம் வினைமுதல் கொண்டதுபோல் தோன்றுகிறது, பந்தரே உறங்குகிறது. பெயரெச்சத்தின் இவ்விருமை தமிழ்த் தொடரியலில் எங்கும் உள்ளதே. ‘படுத்த கட்டில்’ என்றால் கட்டில் படுத்ததாக எவரும் எண்ணார். சூழல் அதனைத் தடுக்கும். பெயருக்குச் சூழல் இல்லை. பாடலில் இல்லாத ஓர் உருவகம் பெயரில் உண்டாகும் முறை இது.

ஆறாம் பத்தின் இப்பாட்டைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். காக்கையைப் பாடியதால் தாமே பெயர் பெற்றவர். அவர் பத்தில் அமைந்த பெயர்கள் ஏனைய பத்துகளின் பெயர்களைக் காட்டிலும் நுண்மையானவை. ‘வடுவடு நுண்ணயிர்’ (51) என்பது நண்டு ஓடிய வடுவை மாய்த்துவிடும் நுண்மணல். மாய்த்தலைச் சொல்ல ஆளப்பட்ட ‘அடு’ பகைவரைக் கொல்லுதற்குரிய வினை. அப்பாடலில் மகளிரின் பாட்டையும் ஆடலையும் கண்டிருக்கும் வேந்தனை மெல்லியன் என அறியாதோர் எண்ணுவரோ என்று கேட்டு, அவன் பாம்பை எறியும் இடியனையவன் என்கிறார் புலவர். மென்மையான மணலுக்குள் கொல்லும் வினை ஒன்று அடங்கியிருப்பது பாட்டின் கருத்தோடு பொருந்துகிறது. அகப்பாடலாயின் இதனை உள்ளுறை உவமம் எனத் தயங்காது சொல்லலாம். புறப்பாடலில் அவ்வாறு சொல்ல இலக்கணம் இடந்தருவதில்லை. பெயராகத் தேர்ந்தவர் கண்ணுக்கு அது பட்டிருக்க வேண்டும் என்பதே கூறத்தக்கது.

அடுத்த பாட்டு ‘சிறுசெங்குவளை’ (52). இக்குவளை உவமையும் அன்று, உருவகமும் அன்று. துணங்கைக் கூத்தில் பிற மகளிர்க்குக் கைகொடுத்த வேந்தன்மேல் எறிய அரசி ஓங்கிய பூ அது. ‘தா’ என்று அவன் இரக்கிறான், அவள் தரவில்லை. அவள் கையிலிருக்கும் அப்பூவைப் பெற மாட்டாத நீ, பகை வேந்தரின் மதில்களை எவ்வாறு கொள்ள வல்லவனானாய் என்று புலவர் வினவுகிறார். பாட்டு முழுதும் ஒரு பூவையும் மதில்களையும் எதிரெதிர் நிறுத்துகிறது. ‘வெண்குடை வேந்தர்’ என்றோ ‘எயில்’ என்றோ பெயரிட்டிருக்கலாம், பெயராயிற்று பூ. பாட்டைக் கேட்டு முடித்தவர் அப்பெயரை மீண்டும் சொல்லும்போது, சிறுமையும் செம்மையும் உடைய அப்பூ வேந்தனால் கொள்ளப்படாத ஒரே அரணாக ஒலிக்கிறது. நேர்ப்பொருளில் நின்ற சொல் பெயராகியபின் உருவகமாவதற்கு இதனினும் சிறந்த சான்று இத்தொகையில் இல்லை.

‘பூத்த நெய்தல்’ (13) மற்றொரு வகை. கரும்புப் பாத்தியில் நெய்தல் தானே பூத்து எருமை நிரையைத் தடுத்து நிறுத்தும் வளம், சேரனின் சினத்தால் அழிந்த பகைவர் நாட்டின் முன்னைய வளம். பெயர் வளத்தைச் சொல்கிறது. பாட்டு அதன் அழிவைச் சொல்கிறது. நெய்தல் சாப்பறைக்கும் பெயராதலின் அப்பொருளையும் ஏற்றிக்காண ஓர் ஆசை எழக்கூடும். பாடலில் அதற்குச் சான்று இல்லை, விட்டுவிடுவதே முறை.

பெயரின் இடம்

இப்பெயர்களைச் சூட்டியவர் பாடிய புலவரா, தொகுத்தவரா என்பது தீராத வினா. எட்டுப் புலவர் பாடல்களிலும் பெயரமைப்பு ஒன்றாகவே இருப்பதும், பெயர்களை நிரல்படுத்தும் பதிகங்கள் பிற்காலத்தன எனக் கருதப்படுவதும் தொகுத்தவர் பக்கமே சான்றாகின்றன. அவ்வாறாயின் இவை பாடல்கள் பற்றிய மிகப் பழைய திறனாய்வு எனல் வேண்டும். உரை எழுதுவதற்கு முன்பே, ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு மூன்று சொற்களை ஒருவர் அடிக்கோடிட்டுச் சென்றிருக்கிறார்.

அப்பெயர் நின்ற இடம் பாட்டின் இறுதி. கேட்டு முடித்தபின் வரும் பெயர் கேட்டதை நினைவில் தொகுக்கும். விட்டுப்போன பொருளைக் கேட்போர் தாமே இட்டு நிரப்புவர். பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் அது பாட்டின் தலைக்கு ஏறியது. தலைப்பாகும்போது அதே தொடர் புதிராகிறது: ‘அருவி ஆம்பல்’ என்று படித்தவர் பூவை எதிர்பார்த்து உள்ளே நுழைகிறார். இம்மாற்றத்தால் சுவை குன்றுவதில்லை. ஆயினும் உருவகம் செயற்படும் திசை மாறிவிடுகிறது. இதனினும் கேடானது, பழம்பெயரை நீக்கி ‘வென்றிச் சிறப்பு’, ‘கொடைச் சிறப்பு’ எனப் பொருட்டலைப்பு இடும் வழக்கம். அத்தலைப்புகள் எண்பது பாட்டுக்கும் பொருந்தும். ஆதலின் ஒன்றுக்கும் பொருந்தா. மாணவர்க்கான பதிப்புகளிலேனும் பழம்பெயரை அதன் பழைய இடத்திலேயே அச்சிடுதல் வேண்டும்.

பொருட்டலைப்பு எதனை இழக்கச் செய்யும் என்பதற்குப் பெருங்குன்றூர்கிழாரின் ‘வெண்தலைச் செம்புனல்’ (87) ஒன்றைக் காட்டலாம். ஐந்தே அடிகளில் அமைந்த விறலியாற்றுப்படை அது. சந்தனமும் அகிலும் சுமந்து நுரைத்தலையோடு கடல்நோக்கி ஓடும் செந்நீரில் அகப்பட்டவரைக் கரைசேர்க்கும் வேழக் கரும்பின் புணையைக் காட்டிலும் இளஞ்சேரல் இரும்பொறை அளி செய்ய வல்லவன் என்பது பாட்டின் செய்தி. ‘கொடைச் சிறப்பு’ என்று தலைப்பிட்டால் தவறில்லை. வேந்தன் ஒப்பிடப்படுவது புணையோடு. ஆகவே புணை பெயராகியிருப்பினும் பொருந்தும். பெயர் சூட்டியவர் இரண்டையும் விடுத்துப் புனலை எடுத்தார். அப்புனலுக்கு உரிய பொருளைப் பாட்டு எங்கும் கூறவில்லை. பரிசில் பெறப் புறப்பட்டு நிற்கும் பாடினியின் வறுமையே அது என்பதைக் கேட்டவர் உணர்ந்துகொள்ள வேண்டியதுதான்.